கேர் பிளான் ஆப் ஒரு வருஷம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்: சரிபாக்க ஓகே, டயக்னோசிஸ் போட ஆகாது

நர்சிங் டயக்னோசிஸ் (வியாதியால பேஷண்ட் படற கஷ்டத்துல நர்ஸ் கவனிக்க வேண்டியத எழுதறது) எழுத உதவுற ஒரு ஆப்புக்கு சந்தா கட்டி ஒரு வருஷம் முடியப் போகுது. பேரு போடல, ஏன்னா இந்த மாதிரி ஆப் நாலஞ்ச ட்ரை பண்ணிட்டேன், எல்லாம் ஒரே குட்டையில ஊறின மட்டைதான். நான் வார்டுல ஸ்டாஃப் நர்ஸ், கூடவே போஸ்டிங் வர்ற ஸ்டூடண்ட்ஸோட கேர் பிளான (அத வெச்சு போடற கவனிப்புத் திட்டம்) பாத்து திருத்துற வேலையும் என் தலையிலதான், அதனால எழுதுறவங்க பக்கமும் தெரியும் சிவப்பு பேனா பக்கமும் தெரியும்.

ஆப் எப்படின்னா, மேல ஒரு சர்ச் பாக்ஸ், அதுல வியாதி பேர அடிக்கணும். நிமோனியான்னு அடிச்சா ஏழெட்டு டயக்னோசிஸ் வந்து கொட்டும், ஒவ்வொண்ணுக்கும் "ரிலேட்டட் டு" (காரணம்), "ஆஸ் எவிடென்ஸ்ட் பை" (ஆதாரம்) எல்லாம் ரெடிமேடா தச்சு வெச்சிருப்பாங்க, காப்பி பண்ணி ஒட்டிட்டு போயிட்டே இருக்கலாம். அவ்ளோ ஈஸி. எனக்கு கடுப்பே அங்கதான் ஆரம்பிக்குது. வியாதி பேரு டாக்டர் கண்டுபிடிச்சது, அவர் வேலை அது. நாம கண்டுபிடிக்க வேண்டியது அந்த வியாதி இந்த பெட்ல படுத்திருக்க இந்த ஆள என்ன பாடு படுத்துது, அதுல நம்ம கையால எத சரி பண்ண முடியும்ங்கறது. ஆப்புக்கு வியாதி தெரியும், ஆள தெரியாது.

ஒரு கேஸ் சொல்றேன். வயித்துல ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டாவது நாள், ஒரு அம்மா. ஸ்டூடண்ட் பொண்ணு ஆப்ப பாத்து "இம்பேர்டு கேஸ் எக்ஸ்சேஞ்ச்"னு (நுரையீரல்ல ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு பரிமாற்றம் சரியில்லன்னு) எழுதிட்டு வந்து நீட்டுச்சு. வா பெட்டுக்கு போவோம்னு கூட்டிட்டு போனேன். ஆக்சிஜன் எதுவும் வெக்காமயே சாச்சுரேஷன் (ரத்தத்துல ஆக்சிஜன் அளவு) 96, நல்லா தெளிவா பேசுறாங்க, உதடு நகம் எல்லாம் நல்ல கலர்ல இருக்கு, கேஸ் எக்ஸ்சேஞ்ச் கெட்டுப்போச்சுன்னு சொல்ல ஒரு ஆதாரமும் இல்ல. ஆனா ஸ்டெத் வெச்சா நெஞ்சுல கொரகொரன்னு சத்தம். இருமுங்கம்மான்னு சொன்னா தையல் மேல கைய வெச்சு அரை இருமல்ல நிறுத்திடறாங்க. "இருமினா பிச்சுக்கிட்டு வந்துரும் போல இருக்கு சிஸ்டர்"னு சொன்னாங்க. சளி துப்புற கப்பு காலியா இருக்கு.

இப்போ சொல்லு பிரச்சனை என்னன்னு கேட்டேன், பொண்ணு கரெக்டா சொல்லிருச்சு: "இன்எஃபெக்டிவ் ஏர்வே கிளியரன்ஸ் (மூச்சுக்குழாய்லேருந்து சளிய வெளியேத்த முடியல), இருமும்போது தையல் வலிக்கறதால, ஆதாரம் கொரகொர சத்தம், முழுசா வராத இருமல், அவங்களே சொன்ன வார்த்தை." இத எழுதின உடனே என்ன செய்யணும்னு தானா வந்துருது பாருங்க. எழுதிக் கொடுத்திருக்க வலி மருந்த கொடுத்து அது வேலை செய்ய ஆரம்பிச்சதும் உக்கார வெச்சு, தலகாணிய தையல் மேல அணைச்சு பிடிக்க சொல்லி, நல்லா மூச்சு இழுத்து இரும வைக்கணும். ஆப் சொன்னதோட போயிருந்தா மாஸ்க்க மாட்டிட்டு சாச்சுரேஷன் பாத்துக்கிட்டு இருந்திருப்போம், சளி இருந்த இடத்துலயே சுகமா இருந்திருக்கும்.

என்ன கேட்டா இந்த மூணு பாகத்துல (பிராப்ளம், காரணம், அறிகுறி, பிஇஎஸ்னு படிச்சிருப்பீங்க) நடுவுல இருக்க காரணம்தான் உயிர். ஆப் அதுல போய் "ரிலேட்டட் டு நிமோனியா"ன்னு போடுது. நிமோனியாவ நான் என்ன பண்றது? கெட்டியான சளி, நெஞ்சு வலி, ரெண்டு வாட்டி எழுந்து நிக்கறதுக்குள்ள வர்ற களைப்பு, இதையெல்லாம் எழுதினா எனக்கு வேலை இருக்கு. வியாதிய சொல்லியே ஆகணும்னா கடைசியில "செகண்டரி டு"ன்னு (இந்த வியாதியால வந்ததுன்னு) ஒட்டிக்கலாம், நிறைய இடத்துல அப்படித்தான் எழுதுறாங்க. இன்னொரு சாம்பிள்ல படுக்கைப்புண் ரிஸ்க்குக்கு காரணம் "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ திருப்பி படுக்க வைக்காததால"ன்னு இருந்துச்சு, படிச்சுட்டு சிரிக்கறதா அழறதான்னு தெரியல, அது டயக்னோசிஸ் இல்லங்க, நாமளே நம்ம மேல எழுதிக் கொடுக்கற குற்றப்பத்திரிகை. அசைய முடியாம படுத்திருக்காங்கன்னு எழுதணும், திருப்பி படுக்க வைக்கறது நம்ம செய்யற வேலைங்கற பக்கத்துல வரணும்.

ரிஸ்க் டயக்னோசிஸ்லயும் (இன்னும் வராத, ஆனா வர வாய்ப்பிருக்க பிரச்சனை) சொதப்பல். "ரிஸ்க் ஃபார் இன்ஃபெக்ஷன்"னு போட்டு ஆதாரமா சிவந்திருக்கு, சீழ் வருது, காய்ச்சல் 39 டிகிரின்னு ஒரு வரி. இவ்வளவும் வந்தாச்சுன்னா ரிஸ்க் எங்க, அது வந்தே ஆச்சு, எழுதறத விட்டுட்டு முதல்ல டாக்டர கூப்பிடுங்க. ரிஸ்க்ல ரிஸ்க் ஃபேக்டர்தான் வரும், அறிகுறி வராது, இது முதல் வருஷப் பாடம். ஹெல்த் ப்ரமோஷன் (நலத்த இன்னும் கூட்டறது), சிண்ட்ரோம் (சேந்தே வர்ற டயக்னோசிஸ் கூட்டம்) பகுதி ரெண்டும் சுமாரா இருக்கு, அத அதிகம் தொடல.

அடுத்தது பழைய சரக்கு. 1973ல அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ்ல கிறிஸ்டின் கெப்பி, மேரி ஆன் லாவின்னு ரெண்டு நர்சிங் ஆசிரியைகள் நர்சிங் டயக்னோசிஸ வகைப்படுத்த முதல் மாநாட்ட கூட்டினதுலேருந்து இந்த டயக்னோசிஸ் லிஸ்ட் வளந்துகிட்டே இருக்கு, நாண்டா (இந்த லிஸ்ட்ட வெளியிடற அமைப்பு) மூணு வருஷத்துக்கு ஒரு தடவ புது பதிப்பு போடுது, 2021–2023 பதிப்புல 13 டொமைன்ல (பெரிய பிரிவுல) 267 டயக்னோசிஸ். அப்பப்போ சிலத சேப்பாங்க, சிலத தூக்குவாங்க, பேர மாத்துவாங்க. ஆப்ல இன்னும் "நான்கம்ப்ளையன்ஸ்" இருக்கு, பேஷண்ட் சொன்ன பேச்சு கேக்கலன்னு திட்டற மாதிரி ஒரு லேபிள், லிஸ்ட்லேருந்து அத எடுத்தாச்சு. ரெண்டு தடவ ஃபீட்பேக் அனுப்பினேன், ஆட்டோமேட்டிக் நன்றி மட்டும் வந்துச்சு.

அந்த லேபிள் மேல எனக்கு ஏன் இவ்ளோ கோவம்னா ஒரு ரிட்டயர்டு வாத்தியார். சுகர் பேஷண்ட், இன்சுலின் தப்பு தப்பா போட்டுக்கறார்னு அட்மிஷன். ஆப்ப கேட்டா "டெஃபிஷியன்ட் நாலெட்ஜ்" (விவரம் பத்தல) இல்லன்னா "நான்கம்ப்ளையன்ஸ்". அவர்கிட்ட கேட்டா எனக்கே கிளாஸ் எடுக்கறார், எப்போ போடணும், எங்க மாத்தி மாத்தி போடணும், சுகர் கம்மியானா எப்படி இருக்கும், எல்லாம் தண்ணி பட்ட பாடு. சரி ஐயா, எனக்கு முன்னால ஒரு தடவ ஏத்தி காட்டுங்கன்னேன். சிரிஞ்ச முழங்கை நீளத்துக்கு தள்ளி பிடிச்சு, அப்புறம் மூக்குகிட்ட கொண்டு வந்து, கடைசியில ஜன்னல் பக்கம் திருப்பி ஒரு குத்துமதிப்பா இழுத்தார். 14 யூனிட்னார், 20 இருந்துச்சு. கோடு தெரியல மனுஷனுக்கு, சொல்ல கூச்சம். அவர உக்கார வெச்சு மறுபடி டயபெடிஸ் பாடம் நடத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும்? கண் டாக்டருக்கு ரெஃபரல் கேட்டோம், எண்ணிக்கை பெருசா தெரியற பேனா வகை இன்சுலினுக்கு மாத்த முடியுமான்னு டாக்டர்கிட்ட பேசினோம். டயக்னோசிஸ் "இன்எஃபெக்டிவ் ஹெல்த் செல்ஃப் மேனேஜ்மென்ட்"னு (தன் உடம்ப தானே சரியா கவனிச்சுக்க முடியல) போட்டு காரணத்துல பார்வைக் குறைவ எழுதினேன்.

நல்லதும் சொல்லணும் இல்ல. நெட் இல்லாம ஓடுது, பேஸ்மெண்ட் வார்டுல அது பெரிய விஷயம். ஒவ்வொரு டயக்னோசிஸுக்கும் விளக்கமும் அறிகுறி பட்டியலும் சுத்தமா இருக்கு, பேஷண்ட பாத்துட்டு வந்து நாம நினைச்சது பொருந்துதான்னு சரிபாக்க இத விட வேகமா எதுவும் இல்ல, நானே நைட் ஷிஃப்ட்ல அதுக்குத்தான் திறக்கறேன். ஆனா ஒரு காமெடி, நாம தேர்ந்தெடுத்தத அது ஆங்கில எழுத்து வரிசையில அடுக்குது. ஆங்ஸைட்டி மேல, ஏர்வே கிளியரன்ஸ் கீழ, ஏன்னா அது "இன்எஃபெக்டிவ்"னு ஐ எழுத்துல ஆரம்பிக்குது. பசங்க அப்படியே பேஸ்ட் பண்றாங்க, மூச்சுக்குழாய் அடைப்ப விட பதட்டம் முக்கியம்ங்கற மாதிரி பிளான் வருது. விரலால இழுத்து மாத்தலாம், அந்த பட்டன் செட்டிங்ஸ்ல மூணாவது பக்கத்துல ஒளிஞ்சிருக்கு, கண்டுபிடிக்க எனக்கே ஒரு மாசம் ஆச்சு.

அஞ்சுக்கு ரெண்டரை. வார்டுல இருக்க அனுபவசாலிங்க சரிபாக்க வாங்கலாம், ஸ்டூடண்டா இருந்தா முதல் ரெண்டு வருஷம் பக்கமே போகாதீங்க. நான் சந்தாவ இன்னும் ஒரு வருஷம் நீட்டிக்கத்தான் போறேன், ஆனா ஸ்டூடண்ட்ஸ்கிட்ட போன வாரம் சொல்லிட்டேன், பேஷண்ட பாத்து கையால எழுதின அறிகுறி லிஸ்ட் ஒரு பக்கம் முதல்ல என் டேபிள்ல இருக்கணும், அதுக்கப்புறம் போன எடுங்கன்னு. நேத்து ஒரு பையன் அந்த லிஸ்ட்டயும் ஆப்லேருந்தே பாத்து எழுதிட்டு வந்தான், ரூம் ஏர்ல (ஆக்சிஜன் எதுவும் வெக்காம) இருக்கவருக்கு "ஆக்சிஜன் மாஸ்க் போட்டுள்ளார்"னு இருந்துச்சு, திருப்பி அனுப்பிட்டேன்.