டியூப்லெஸ் டயருக்கு மஷ்ரூம் பேட்ச்: எதை ஒட்டலாம், எதைத் தூக்கிப் போடணும்

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் டயரைக் கழற்றி உள்ளிருந்து ஒட்டும் மஷ்ரூம் பேட்ச் போடுங்கள், வெளியிலிருந்தே திரி செருகும் ஸ்ட்ரிப்போடு நிறுத்திவிடாதீர்கள். ராத்திரியில் பைபாஸில் மாட்டிக்கொண்டால் ஸ்ட்ரிப் போட்டு ஊர் வந்து சேரலாம், அதில் தப்பே இல்லை. ஆனால் அதே ஸ்ட்ரிப்போடு டயர் தேயும் வரை ஓட்டுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நாமக்கல்லில் பரமத்தி ரோட்டுப் பக்கம், லாரிக்காரர்கள் அதிகம் வரும் ஒரு டயர் கடையில் எங்கள் காரின் இரண்டு டயர்களைக் காட்டினேன். ஒன்றை ஒட்டிக் கொடுத்தார்கள், இன்னொன்றை ஒட்டவே முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டுக்கும் அவர்கள் சொன்ன காரணம் சரி, அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஸ்ட்ரிப் வேலை எல்லாரும் பார்த்ததுதான். ஆணியைப் பிடுங்கி, பல் வைத்த கம்பியை ஓட்டையில் விட்டுக் குடைந்து, பசை தடவிய திரியை ஊசியில் கோத்து உள்ளே தள்ளி, நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிட்டால் ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிடலாம், டயரைக் கழற்றவே வேண்டாம். குறையும் அங்கேதான் இருக்கிறது. டயரின் உள்பக்கம் என்ன நிலைமையில் இருக்கிறது என்று யாருமே பார்ப்பதில்லை. கம்பி குடையும்போது ஓட்டை பெரிதாகிறது, ரோட்டைத் தொடும் ட்ரெட்டுக்கு அடியில் இருக்கும் எஃகுப் பட்டையும் அடிபடலாம், திரி ஓரமாகத் துளி இடம் விட்டாலும் தண்ணீர் இறங்கி அந்த எஃகு துருப்பிடிக்கும். டியூப்லெஸ் டயரில் காற்றைப் பிடித்து வைப்பது உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய ரப்பர் லைனர்தான், திரி ஓட்டையில் அடைத்துக்கொண்டு நிற்கிறதே தவிர லைனர் மேல் எந்த மூடியும் போடுவதில்லை.

மஷ்ரூம் பேட்ச்சுக்கு டயரை ரிம்மிலிருந்து கழற்றியே ஆக வேண்டும். எங்கள் பின் டயரில் ஏறியிருந்தது ஒரு ஸ்க்ரூ, ட்ரெட்டின் நடுப்பகுதியில். கழற்றியதும் கடையில் வேலை பார்த்த அண்ணன் டார்ச் அடித்து, உள்ளே கையை விட்டுச் சுற்றிலும் தடவிப் பார்த்தார். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன். "தூள் கெடக்குதான்னு பாக்கறனுங்க" என்றார். காற்று இறங்கிய டயரை அப்படியே உருட்டிக்கொண்டு வந்திருந்தால் பக்கச் சுவர் மடங்கி உரசி, உள்ளே கறுப்பு ரப்பர் தூள் கொட்டியிருக்கும், சுற்றிலும் ஒரு தேய்மானக் கோடு விழுந்திருக்கும். அப்படி இருந்தால் ஆணி ஓட்டை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அந்த டயர் போச்சு. வெளியே பார்த்தால் புதுசு போலவே இருக்கும் என்பதுதான் பயமே.

எங்களுடையதில் தூள் இல்லை. ஸ்க்ரூ போன சாய்வைப் பார்த்து ஓட்டையைச் சுத்தம் செய்தார், உள்ளே லைனரைச் சொரசொரப்பாகத் தேய்த்துத் துடைத்தார், சொல்யூஷன் தடவினார், அப்புறம் சும்மா உட்கார்ந்துவிட்டார். அது விரலில் ஒட்டும் பதத்துக்குக் காய வேண்டும், ஈரத்திலேயே ஒட்டினால் பேட்ச் பிடிக்காது, அவசரப்படுத்தும் கஸ்டமருக்காக இந்த இடத்தில்தான் பல கடைகள் வேலையைக் கெடுக்கின்றன. பேட்ச்சுக்குக் குடை மாதிரி ஒரு தலை, கீழே ஒரு தண்டு. தண்டை உள்பக்கமிருந்து ஓட்டைக்குள் விட்டு, வெளியிலிருந்து பிடித்து இழுத்து, தலையைச் சின்ன உருளையால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்தித் தேய்த்தார். தண்டு ஓட்டையை நிரப்புகிறது, தலை லைனரை மூடுகிறது, தண்ணீருக்கும் காற்றுக்கும் வழி இல்லை. மாட்டிக் காற்றடித்து, சோப்புத் தண்ணீர் விட்டு வால்வு உட்பட எல்லா இடத்திலும் குமிழி வருகிறதா என்று பார்த்தபிறகே, சக்கரத்தின் எடையைச் சமன் செய்யும் பேலன்சிங்குக்குக் கொண்டுபோனார்.

ஸ்ட்ரிப்புக்குக் கொடுப்பதைப் போல மூன்று மடங்கு ஆனது, பேலன்சிங் தனி, அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் விற்கும் டயருக்கு இது பெரிய செலவில்லை. வண்டி எடுக்கும் முன் டயர் சூடாகாத நேரத்தில் காற்று பார்ப்பது என் வழக்கம். மற்ற டயர்களில் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவுதான் ஒட்டின டயரிலும் இறங்குகிறது.

ஆனால் எல்லாப் பஞ்சரையும் இப்படி ஒட்ட முடியாது. ஓட்டை ட்ரெட் பகுதிக்குள் இருக்க வேண்டும், 6 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ட்ரெட்டும் பக்கச் சுவரும் சேரும் தோள் பகுதியிலோ பக்கச் சுவரிலோ ஆணி ஏறியிருந்தால் பேட்ச்சும் வேண்டாம், ஸ்ட்ரிப்பும் வேண்டாம். டயர் உருளும்போது அந்த இடம் ஓயாமல் மடங்கி நிமிர்கிறது, எதை ஒட்டினாலும் பிய்ந்துவிடும். ஏற்கெனவே ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஓட்டை என்றாலும் விட்டுவிடுங்கள்.

இனி இரண்டாவது டயர். முன்பக்க இடது டயரின் பக்கச் சுவரில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு புடைப்பு. பள்ளத்தில் வேகமாக இறங்கும்போது ரிம்முக்கும் பள்ளத்தின் விளிம்புக்கும் நடுவில் பக்கச் சுவர் நசுங்கி, உள்ளே இருக்கும் நூல் இழைகள் அறுந்துவிடுகின்றன. அதற்கப்புறம் அந்த இடத்தில் காற்றின் அழுத்தத்தைத் தாங்குவது வெறும் ரப்பர்தான், அது வெளியே தள்ளிக்கொண்டு வருகிறது. "இதுல ஒட்டறதுக்கு ஒண்ணுமில்லைங்க, நூலே அறுந்துபோச்சுங்க. ஸ்டெப்னியாக் கூட வெக்காதீங்க" என்றார். காற்றைக் குறைத்து ஓட்டுங்கள், பின்னால் மாற்றிப் போடுங்கள், உள்ளே டியூப் போட்டுக்கொள்ளுங்கள் என்றெல்லாம் யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். டியூப் போட்டால் அறுந்த நூல் சேராது, காற்றைக் குறைத்தால் பக்கச் சுவர் இன்னும் அதிகமாக மடங்கிச் சூடாகும். நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போகும்போது அந்த இடம் வெடித்தால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு, அது தெரியாமல் நல்ல டயரை மாற்றியவர்கள் இருக்கிறார்கள். ரேடியல் டயரின் பக்கச் சுவரில் சில இடங்களில் மேலிருந்து கீழாக லேசாக உள்வாங்கியது போல ஒரு தடம் தெரியும். உள்ளே இழை அடுக்கு ஒன்றின் மேல் ஒன்று ஏறிச் சேரும் இடம் அது, காற்று முழுசாக இருக்கும்போது நன்றாகவே தெரியும், அதனால் ஆபத்தில்லை. உள்ளே போனால் விடுங்கள், வெளியே வந்தால் மாற்றுங்கள். நடைபாதை ஓரத்தில் உரசிய கீறலுக்கும் இதே மாதிரி சுலபமான சோதனை உண்டு. மேல் ரப்பர் மட்டும் சிராய்த்திருந்தால் கவனித்துக்கொண்டே ஓட்டலாம், உள்ளே நூல் தெரிந்தால் மாற்றிவிட வேண்டும்.

தேய்மானம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பள்ளக் கோடுகளுக்குள் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும், ட்ரெட் அந்த மட்டத்துக்கு வந்துவிட்டால் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம், காருக்குச் சட்டப்படியும் அதுதான் எல்லை. மழைக்காலத்தில் அதுவரை காத்திருக்காதீர்கள். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு, நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம், ஒரு ஓரம் மட்டும் என்றால் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், சரியில்லை. அலைன்மென்ட் சரி செய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அதே மாதிரிதான் தேயும்.

எங்கள் ஸ்டெப்னி இரும்பு ரிம், அளவும் வேறு, அதனால் அதை நிரந்தரமாக மாட்ட வழியில்லை. முன்பக்கத்து இன்னொரு டயரும் பாதிக்கு மேல் தேய்ந்திருந்ததால் 185/65 R15 88H அளவில் ஜோடியாகப் புது டயர்கள் வாங்கினோம். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது, பில்லில் அதைப் பாருங்கள். பக்கச் சுவரில் டிஓடி (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்ணையும் பாருங்கள். 2325 என்றால் 2025இன் 23ஆவது வாரத்தில் செய்தது. கடைக்காரர் எடுத்துக் காட்டும் முன்பே நீங்கள் கேட்டுவிடுவது நல்லது.

இந்தக் கடையில் எனக்கு ஒத்துவராத விஷயம், கேட்காமலேயே புது டயர்களை முன்னால் மாட்டப் போனார்கள். இன்ஜின் முன்சக்கரத்தைச் சுற்றும் வண்டிதானே என்பது அவர்கள் கணக்கு. ஆனால் ஈர ரோட்டில் பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், சாதாரண டிரைவரால் திருப்பிப் பிடிக்க முடியாது. அதனால் புதுசு பின்னால்தான் போக வேண்டும். சொன்னதும் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள். புடைத்த டயரை யாருக்காவது செகண்ட் ஹேண்டில் விற்றுவிடக் கூடாதே என்று பக்கச் சுவரைக் கத்தியால் கிழித்துப் போடச் சொன்னேன், அதையும் என் கண் முன்னாலேயே செய்தார்கள். அலைன்மென்ட் மிஷின் அங்கே இல்லை, வேறு கடைக்குத்தான் போக வேண்டும். போவதாக இருந்தால் காலையிலேயே போய்விடுங்கள், சாயங்காலம் லாரிகள் வரிசை கட்டிவிட்டால் கார் வேலைக்கு ஆள் கிடைக்காது.