மூன்று வருஷத்தில் நான்கு டப்பா ஸ்லக்

ஏர் ரைஃபிளில் இடுப்பு ஒடுங்கிய வழக்கமான ஈயக் குண்டான பெல்லட்டை விட்டு, உருளையான ஸ்லக்குக்கு மாறினால் போதும், 100 மீட்டரில் குண்டெல்லாம் ஒரே இடத்தில் போய் விழும் என்று நம்பித்தான் முதல் டப்பாவை வாங்கினேன். அன்று தாளில் விழுந்த ஓட்டை ஒன்றுகூட வட்டமாக இல்லை. எல்லாம் முட்டை வடிவம். குண்டு நேராகப் போகாமல் ஆடிக்கொண்டே போயிருக்கிறது.

என்னுடையது .22 (சுமார் 5.5 மில்லிமீட்டர் குண்டு) பிசிபி, அதாவது முன்கூட்டியே அழுத்தி அடைத்த காற்றில் சுடும் ரகம்; ஒவ்வொரு முறையும் காற்றழுத்தத்தை ஒரே அளவில் விடும் ரெகுலேட்டர் உள்ளது. வீடு மலேசியாவின் சுங்கை சிப்புட்டில். சுடுவது செம்பனைகளுக்கு நடுவே இருக்கும் கிளப் ரேஞ்சில். இங்கே ஏர் ரைஃபிளும் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்குள் வருகிறது. அதனால் லைசென்ஸ் உள்ள கடையில் சொல்லிவைத்துக் காத்திருக்க வேண்டும். எனக்கு ஒரு டப்பா வந்து சேர மாதக்கணக்காகும். தப்பான டப்பா வாங்கினால் பணமும் போச்சு, பாதி வருஷமும் போச்சு.

முன்பு சுட்டது ஜேஎஸ்பி கம்பெனியின் 18.13 கிரெயின் பெல்லட் (ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம்). 50 மீட்டரில் அதன் ஐந்து குண்டையும் 20 சென் காசால் மூடிவிடலாம். 100 மீட்டரில் குறுக்குக் காற்று அடித்தால் ஒரு சாண் தள்ளிப் போகும். பெல்லட்டுக்கு இடுப்பு உண்டு, பின்னால் பாவாடை உண்டு. அந்தப் பாவாடை காற்றை இழுத்துப் பிடித்து நேராக வைக்கிறது. வேகமும் அங்கேயே கரைகிறது. ஸ்லக் நிஜத் தோட்டா போன்ற உருளை. சுழற்சி ஒன்றுதான் அதற்குத் துணை. குண்டைச் சுழலவைக்க என் பேரலுக்குள் வெட்டிய வரிகளின் முறுக்கு 450 மில்லிமீட்டருக்கு ஒரு சுற்று, அதாவது பெல்லட்டுக்காகப் போட்டது. நான் வாங்கியதோ 30 கிரெயின். கனம் கூடக்கூட ஸ்லக் நீளமாகும், நீளம் கூடினால் வேகமான முறுக்கு வேண்டும். கனமானது காற்றைக் கிழிக்கும் என்ற ஆசையில் இதை யோசிக்கவே இல்லை.

சரி, கனத்தைக் குறைப்போம் என்று 23 கிரெயினுக்கு இறங்கினேன். ஓட்டை வட்டமானது, ஆனால் குண்டுகள் சிதறின. இந்த இடத்தில்தான் ஒரு வருஷம் வீணானது. ரெகுலேட்டரை ஏற்றினேன், இறக்கினேன், காற்று வால்வைத் தட்டித் திறக்கும் ஹாமர் ஸ்பிரிங்கைத் திருகினேன். பிரச்சினை குறுக்களவில் இருந்தது. ஒரே கனத்தில் .216, .217, .218 அங்குலம் என்று ஸ்லக் வருகிறது. ஒன்றுக்கொன்று வித்தியாசம் 0.025 மில்லிமீட்டர், தலைமுடிக் கனம்கூட இல்லை. பெல்லட்டின் மெல்லிய பாவாடை காற்றழுத்தத்தில் விரிந்து பேரலை அடைத்துக்கொள்ளும். ஸ்லக் அப்படி விட்டுக்கொடுக்காது.

துப்பாக்கியின் காற்றை முழுவதும் இறக்கிவிட்டு, மூன்று அளவிலும் ஒவ்வொன்றைத் துடைப்புக் கம்பியால் மெதுவாகத் தள்ளி வெளியே எடுத்தேன். லென்ஸில் பார்த்தால் .216இல் அங்கங்கே லேசான கீறல். .218 உள்ளே போகவே முரண்டு பிடித்தது. பேரல் வாயில் ஈயம் நூலாகச் சீவி நின்றது. .217இல் சுற்றிலும் ஒரே ஆழத்தில் வரிகள். கிளப்பில் தொலைநோக்கி வைத்து என் குண்டு விழும் இடத்தைச் சொல்லும் மாமா அந்தக் காலத்தில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். மூன்றையும் உள்ளங்கையில் வைத்து உருட்டிவிட்டுச் சொன்னார்: “கத்தி ஒரு மயிரிழை ஆழமாப் போனா மரத்துக்குக் காயம், மேலாப் போனா பால் வராது. இதுவும் அப்படித்தான்டா தம்பி.”

அப்புறம் குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோவை முன்னால் வைத்து வினாடிக்கு 860 அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். 900ஐ ஒட்டி குண்டுகள் விழும் பரப்பு ஒடுங்கியது, 940ஐத் தாண்டியதும் மறுபடி விரிந்தது. இப்போது அமைதியான காலையில் 100 மீட்டரில் பத்துக் குண்டு 40 மில்லிமீட்டருக்குள். ஐந்து குண்டை நான் நம்புவதில்லை; ஐந்தில் யாருக்கும் அதிர்ஷ்டம் அடிக்கும். பெல்லட் ஒரு சாண் நகரும் காற்றில் இது அரைச் சாண்தான் நகர்கிறது.

நம் ஊர் ஈரம் தனித் தலைவலி. பம்பில் வடிகட்டி போடாத காலத்தில் வால்வைத் திறந்தால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்தது. டப்பாவில் ஈயமும் வெள்ளையாகப் பூத்துவிடும், சிலிக்கா ஜெல் போட்டு மூடி வைக்கிறேன். ஸ்லக் பேரலில் ஈயத்தையும் அதிகம் விடுகிறது. எனக்கு 150 குண்டுக்கு ஒருமுறை துடைக்காவிட்டால் குறி கலைகிறது. கையைக் கழுவாமல் தே தாரிக் டீ பக்கம் போவதும் இல்லை. இன்னொன்று, பெல்லட்டைவிட ஸ்லக் வெகுதூரம் போகும், தெறிக்கவும் செய்யும். பின்னால் உயர்ந்த மண்மேடு இல்லாத இடத்தில் இதை எடுக்கவே கூடாது.

அடுத்த ஆர்டர் போட்டாயிற்று: அதே .217, அதே 23 கிரெயின். அந்த 30 கிரெயின் டப்பா பாதி அப்படியே இருக்கிறது. என் லைசென்ஸ் கணக்கில் உள்ள தோட்டா, யாருக்கும் தூக்கிக் கொடுக்கவும் முடியாது. 25 மீட்டரில் சுட்டுத் தீர்த்துக்கொண்டிருக்கிறேன்; அது ஆட ஆரம்பிப்பதற்குள் தாள் வந்துவிடுகிறது.