காருக்குள் கண்கூச்சம்: பெயின்ட்டா, ஸ்டிக்கரா, விரிப்பா?

கொழும்பு ஏறத்தாழ 7 பாகை வட அகலாங்கில் இருப்பதால், மத்தியான வெயில் உச்சியில் நின்று முன்கண்ணாடி வழியாக டாஷ்போர்டின் மேல்தளத்தில் கொட்டும். உள்பக்கம் வெளிர் நிறமான ஜப்பான் கார் என்றால் அந்த வெளிச்சம் கண்ணாடியில் வெள்ளைத் திரையாக விழும். கொழும்பு–காலி வீதியில் பாதசாரிக் கடவையில் இறங்குகிற ஆளே மங்கலாகத்தான் தெரிவார். ஏசி வாய், கியர் சுற்று ஆகியவற்றின் குரோம் பட்டி அடிக்கிற மின்னல் வேறு தொல்லை. இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது.

குரோமுக்கு நான் மினுக்கமில்லாத மேட் கறுப்புப் பெயின்ட்டையே சொல்வேன். கழற்றி எடுக்கக்கூடிய துண்டுகளுக்கு மட்டும். சவர்க்காரத் தண்ணீரால் பழைய பொலிஷை முழுக்க எடுத்து, சாண்ட்பேப்பரால் மினுக்கம் போகத் தேய்த்து, பிரைமர் அடித்த பிறகுதான் நிறம். சாதாரண பிளாஸ்டிக் துண்டென்றால் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். ‘பிபி’ (PP) என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது பாலிப்ரோப்பிலீன். பெயின்ட் அதில் லேசில் பிடிக்காது. ஒட்டுத்திறன் தரும் அடிப்பூச்சு இல்லாமல் அடித்தால் நகம் பட்டாலே உரியும். மழை ஈரம் நிறைந்த நாளில் ஸ்பிரே பண்ணினால் பூச்சு வெளிறிப்போகக்கூடும். அடிக்கடி கை படுகிற சுவிட்ச் பக்கங்களில் மேட் பூச்சு தேய்ந்து, நாளடைவில் திரும்பவும் பளபளக்கும்.

மேட் ஸ்டிக்கர் தட்டையான துண்டுக்கு நல்லது. பிடிக்காவிட்டால் உரிக்கலாம், விற்கும்போதும் பழைய தோற்றம் மிஞ்சும். ஆனால் வெயிலில் நிறுத்துகிற காரில் வளைவான ஓரங்கள் கிளம்பும்.

மேல்தளத்துக்குப் பெயின்ட் வேண்டவே வேண்டாம். வழுவழுப்பான மேட் கறுப்பும் சாய்வாக விழும் வெளிச்சத்தில் சாம்பலாகத் தெரியும்; மென்மையான மேற்பரப்பு சூட்டில் விரிந்து சுருங்கும்போது பூச்சு வெடிக்கவும் செய்யும். அங்கே கறுப்பு நார் விரிப்புத்தான் வெல்லும், நார்களுக்குள் வெளிச்சம் சிக்கிவிடும். சீட் உறை தைக்கும் குஷன் வேர்க்ஸ் கடையில் அளவுக்கு வெட்டித் தருவார்கள். இடப்பக்க ஏர்பேக் மூடியை விரிப்பு மறைக்கக் கூடாது, கண்ணாடிக்குக் காற்று வரும் துவாரங்களையும் மூடக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

போலரைஸ்டு கூலிங் கிளாஸ் பகலில் கொஞ்சம் உதவும், இரவில் ஆகாது.

பெயின்ட் அடிக்கும் பாஸிடம் போகுமுன் மத்தியானம் காரை நிறுத்தி, டாஷ்போர்டில் கறுப்புத் துணியை விரித்துப் பாருங்கள். திரை விலகினால் விரிப்பே போதும். கழுவக் கொடுக்கும்போது உள்ளே பொலிஷ் பூச வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.