640 பவுண் கொடுத்து வாங்கிய கரும்புகை

இங்கிலாந்தில் பழைய பிரித்தானியக் கார் வைத்திருக்கும் நம்மவர்கள் சிலராவது இதைப் படிப்பார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். கராஜின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பணத்தைத் திரும்பப் பெறும் முயற்சி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. செய்யாத வேலைக்குப் பணம் வாங்கியதை நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதுதான் உங்களுக்குப் பயன்படும்.

கார் 1967 எம்ஜிபி, பழைய பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார். 1798 சிசி இயந்திரம், காற்றையும் பெற்றோலையும் கலந்து அதற்கு ஊட்ட, எஸ்யூ நிறுவனத்தின் எச்எஸ்4 வகைக் காபரேற்றர்கள் இரண்டு. போன வசந்தத்தில் இரண்டு குறைகள் தலைகாட்டின. சிக்னலில் பச்சை விழுந்து ஆக்ஸிலரேற்றரை மிதித்தால் ஒரு கணம் தயங்கிவிட்டுத்தான் பாயும். நிறுத்தி வைத்திருக்கும்போது இயந்திரத்தின் வேகம் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும்.

யாழ்ப்பாணத்தில் அப்பாவின் ஒஸ்ரின் ஏ40 காருடன் வளர்ந்தவன் நான். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் அந்தக் கார் மண்ணெண்ணெயில் ஓடியது. காலையில் காபரேற்றரின் வாய்க்குள் சில துளி பெற்றோலைப் பீச்சியடித்து அதை உசுப்புவது என் வேலை. அப்படிப்பட்டவன் பொனற்றைத் தானே திறந்து பார்த்திருக்க வேண்டும். வேலை, பிள்ளைகள், சோம்பல். பழைய கார்களுக்கென்றே இருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு கராஜிடம் கொடுத்தேன்.

வரவேற்பறைச் சுவர் முழுக்கப் பந்தயப் படங்கள். முதலாளி அரை நிமிடம் இயந்திரத்தைக் கேட்டார். “இரண்டு காபரேற்றரும் முடிந்துவிட்டன. ஸ்பிண்டில், புஷ், ஊசி, ஜெற் எல்லாம் புதிதாகப் போட்டு, இரண்டையும் ஒத்திசைத்துத் தருகிறோம்” என்றார். (ஸ்பிண்டில் என்பது காற்றைத் திறந்து மூடும் த்ரொட்டில் தகட்டின் தண்டு, புஷ் அது சுழலும் உறை. ஊசியும் ஜெற்றும் பெற்றோலின் அளவைத் தீர்மானிப்பவை.) வால்வு இடைவெளியையோ, தீப்பொறியைத் தூண்டும் பொயின்றையோ அவர் பார்க்கவில்லை. அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வால்வும் தீப்பொறியும் சரியாக இருந்தால்தான் காபரேற்றரில் கை வைப்பதில் அர்த்தம் உண்டு. அது கடைசியில் செய்யும் வேலை. இரண்டு வாரம் கழித்து 640 பவுண் கட்டி எடுத்துவந்தேன். நல்லவேளையாகக் கடனட்டையில் கட்டினேன்.

எம்25 நெடுஞ்சாலை நெரிசலில் நின்றபோது சுற்றுமானி 1,400-ஐக் காட்டியது. பின்னால் கரும்புகை. பக்கத்துக் காரில் இருந்த பெண்மணி என்னைப் பார்த்தபடியே கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

திரும்பக் கொண்டுபோனேன். “இ10 பெற்றோல்தான் காரணம், பழைய கார்களுக்கு அது ஒத்துக்கொள்ளாது” என்றார் முதலாளி. 2021 செப்ரெம்பரில் இங்கே இ10, அதாவது பத்து வீதம் வரை எதனோல் கலந்த பெற்றோல், வந்ததிலிருந்து எல்லாப் பழியும் அதன் தலையில்தான் விழுகிறது. நான் எதனோல் குறைந்த இ5 மட்டுமே அடிக்கிறேன், ரசீதும் வைத்திருக்கிறேன் என்றேன். உடனே பேச்சை மாற்றி, “புதுப் பாகங்கள் பதிந்துவரக் கொஞ்ச நாள் ஆகும்” என்றார். மீண்டும் டியூன் செய்ய 90 பவுண். அதையும் கொடுத்தேன். புகை அப்படியே இருந்தது. கழற்றிய பழைய ஸ்பிண்டில்களைத் தாருங்கள் என்று கேட்டபோது, எறிந்துவிட்டோம் என்றார்.

அடுத்த ஞாயிறு நானே உட்கார்ந்தேன். முதலில் தீப்பொறி பிளக்குகளைக் கழற்றினேன். ஒன்றும் இரண்டும் கரிக்கட்டை. மூன்றும் நான்கும் வெளிறிக் கிடந்தன. இந்த இயந்திரத்தில் முதல் இரண்டு சிலிண்டர்களுக்கு ஒரு நுழைவழி, கடைசி இரண்டுக்கும் ஒன்று. எனவே பிளக்குகள் இரண்டிரண்டாக நிறம் மாறினால், முன் காபரேற்றரும் பின் காபரேற்றரும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்றே பொருள். முன்னது பெற்றோலைக் கொட்டுகிறது, பின்னது காற்றைக் குடிக்கிறது.

காற்று வடிகட்டிகளைக் கழற்றிவிட்டு, ஒரு துண்டு றப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் காபரேற்றரின் வாயிலும் வைத்துக் கேட்டேன். காற்றோட்டம் அளக்கும் கருவியும் விற்கிறார்கள், காது போதும். இரட்டை நாதஸ்வரம் சுருதி சேர்வதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது பெரிய காரியமில்லை. முன் காபரேற்றர் கேத்தில் கொதிப்பதைப் போல இரைந்தது. பின்னது முணுமுணுத்தது.

ஒத்திசைக்க வேண்டுமானால், இரண்டு த்ரொட்டில்களையும் இணைக்கும் தண்டின் கவ்விகளைத் தளர்த்தியே ஆக வேண்டும். அப்போதுதான் ஒவ்வொன்றையும் தனித்தனியே சரிசெய்து, இரைச்சல் சமமானதும் மீண்டும் இறுக்க முடியும். என் காரில் அந்தக் கவ்விகளின் போல்ட் தலைகளில் பல வருட எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் கெட்டியாக உறைந்திருந்தன. ஒரு ஸ்பானர் கூடப் பட்டதற்கான அடையாளம் இல்லை. அதைப் படம் எடுத்துவிட்டுத்தான் கை வைத்தேன்.

அடுத்தது ஸ்பிண்டில். பின் காபரேற்றரின் ஸ்பிண்டிலை விரலால் அசைத்தால் ஆடியது. அதன் முனைகளில் காபரேற்றர் துப்புரவுத் திரவத்தைத் தெளித்ததும் இயந்திரத்தின் சத்தம் மாறியது. அந்த இடைவெளி வழியாகக் காற்று நுழைகிறது என்பதற்கு அதுவே சாட்சி. (எம்ஜிபியில் எக்ஸோஸ்ற் குழாய் காபரேற்றர்களுக்கு நேர் கீழே இருக்கிறது. இயந்திரம் சூடேறுமுன், தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.) எறிந்துவிட்டதாகச் சொன்ன பழைய ஸ்பிண்டில்கள் என் காரிலேயேதான் இருந்தன.

ஜெற்றின் அடியில் உள்ள ஆறு பட்டை நட்டைக் கடைசிவரை மேலே ஏற்றி, பிறகு 12 பட்டை, அதாவது இரண்டு முழுச் சுற்று, இறக்குவது வழக்கமான தொடக்க நிலை. அங்கிருந்து முன்பின்னாகக் கொஞ்சம் திருத்துவார்கள். என் காரில் முன்னது 20 பட்டை, பின்னது 9. பின்பக்கம் நுழையும் காற்றை ஈடுகட்ட முன்பக்கம் பெற்றோலைக் கூட்டி, இயந்திரம் நின்றுவிடாமல் இருக்க வேகத் திருகாணியை ஏற்றிவிட்டிருக்கிறார்கள். அந்த 1,400 அங்கிருந்துதான் வந்தது.

எனக்கு அதிகமாகக் கோபம் வந்தது டாஷ்பொட்டைப் பார்த்தபோது. எஸ்யூவின் மேலே உள்ள மணி போன்ற அந்தக் கூடும் உள்ளே ஏறி இறங்கும் பிஸ்டனும் தொழிற்சாலையிலேயே சோடி பார்த்துச் சேர்த்தவை. மாற்றிப் போடக் கூடாது. காற்றுத் துளைகளை அடைத்து, தலைகீழாகப் பிடித்து, கூடு விழும் நேரத்தை எண்ணினால் ஐந்திலிருந்து ஏழு வினாடி வர வேண்டும். எனக்கு ஒன்று மூன்று, மற்றது பத்து. கூடுகளை இடம் மாற்றியதும் இரண்டும் ஆறு. கழற்றிக் கழுவியிருக்கிறார்கள், எது எதனுடையது என்றுகூடப் பார்க்காமல் பூட்டியிருக்கிறார்கள்.

இந்த எஸ்யூவை உருவாக்கிய ஸ்கின்னர் சகோதரர்கள் செருப்பு வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய முதல் காபரேற்றரில் பிஸ்டனுக்குப் பதிலாகத் தோலாலான துருத்திதான் இருந்தது. செருப்புக் கடைக்காரர்கள் கண்டுபிடித்ததை இந்தப் ‘பழைய கார் நிபுணர்’களால் சரியாகப் பூட்ட முடியவில்லை.

டாஷ்பொட்டின் நடுவே எண்ணெய் இருக்க வேண்டும். மிதித்தவுடன் பிஸ்டன் துள்ளி எழாமல் அதுதான் பிடித்துவைக்கிறது. அது இல்லாவிட்டால் அந்த ஒரு கணத் தயக்கம் வரும். முன் காபரேற்றரில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. 20 எண் எண்ணெயை உள்குழாயின் விளிம்புக்கு மேல் அரை அங்குலம் நிற்க ஊற்றினேன், தயக்கம் போய்விட்டது. நான் முதலில் கொண்டுபோன கோளாறில் பாதி, ஒரு தேக்கரண்டி எண்ணெய்.

ஸ்பிண்டில்களையும் புஷ்களையும் ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர் தன் வீட்டுக் கொட்டிலில் வைத்து மாற்றித் தந்தார். வால்வு இடைவெளியை 15 தௌவுக்கு (அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு) வைத்து, தீப்பொறியின் டைமிங் பார்த்துவிட்டுத்தான் அவர் காபரேற்றர்களைத் தொட்டார். பாகங்களோடு 180 பவுண். கழற்றிய ஸ்பிண்டில்களை ஒரு துணியில் சுற்றி, நான் கேட்காமலே என் கையில் தந்தார். தேய்ந்த இடத்தில் நகம் இடறுகிறது.

2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி, எந்தச் சேவையும் நியாயமான கவனத்தோடும் திறனோடும் செய்யப்பட வேண்டும். அதைச் சொல்லிக் கராஜுக்குக் கடிதம் எழுதினேன். இலவசமாக இன்னொரு முறை டியூன் செய்து தருவதாகப் பதில் வந்தது. கொண்டுபோகவில்லை. 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவின் கீழ் கடனட்டை நிறுவனத்திடம் பணத்தைத் திரும்பக் கேட்டிருக்கிறேன். 100 பவுணுக்கு மேல், 30,000 பவுண் வரையான பொருளுக்கும் சேவைக்கும் அது பொருந்தும். அந்த 90 பவுணை மட்டும் காசாகக் கொடுத்துத் தொலைத்தேன். பிசுக்குப் படிந்த போல்ட்டின் படம், பில், பழைய ஸ்பிண்டில்களின் படம் எல்லாம் அனுப்பியாகிவிட்டது. வேறொரு கராஜின் எழுத்துமூல அறிக்கை வேண்டும் என்கிறார்கள். செவ்வாய்க்கிழமை அதற்காகப் போகிறேன்.