சட்டம் மாறினால் முதலாளிக்கு யார் சொல்வார்கள்? ஒரு பட்டறைக்காரரின் ஒப்பீடு

கோவை கணபதியில் எங்கள் லேத் பட்டறை. 34 பேர் வேலை செய்கிறார்கள். சில வருடங்களுக்கு முன் ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலியின் அகவிலைப்படி உயர்ந்தது எனக்குத் தெரியாமலே போனது. ஆகஸ்டு கடைசியில் ஒரு ஹெல்பர் பையன் போனில் அரசுப் பட்டியலைக் காட்டி, "அண்ணா, நமக்கு இதுதானுங்களே வரணும்?" என்று கேட்டான். ஒன்பது ஹெல்பர்களுக்கு ஐந்து மாத நிலுவையைக் கணக்குப் பார்த்துக் கொடுத்தோம். அவர்கள் காசு ஐந்து மாதம் என் கையில் இருந்திருக்கிறதே என்ற உறுத்தல் மட்டும் இன்னும் போகவில்லை.

அப்போதும் மாதம் 4,000 ரூபாய் கொடுத்து ஒரு பி.எஃப். கன்சல்டன்ட் வைத்திருந்தோம். அதனால்தான் சட்டச் செய்தி வரும் ஒவ்வொரு வழியையும் இப்போது ஒரே கேள்வி கேட்டு எடைபோடுகிறேன்: அடுத்த சம்பளத் தேதிக்கு முன் இது எனக்குச் சொல்லுமா?

முதலில் கன்சல்டன்ட். 15ஆம் தேதிக்குள் பி.எஃப்., இ.எஸ்.ஐ. சலான் கட்டுவது, புதிய ஆளுக்கு யு.ஏ.என். என்ற பி.எஃப். எண் எடுப்பது, ரிட்டர்ன், ரிஜிஸ்டர் எல்லாம் அவர் வேலை. இதில் அவரை அடிக்க ஆளில்லை. ஆனால் ஐம்பது அறுபது கம்பெனிக்குச் சலான் போடுகிறவருக்கு, எங்கள் ஹெல்பருக்கு நாள் கூலி எவ்வளவு என்று பார்க்க நேரம் இருக்காது. பேசி வைத்த வேலையில் அது இல்லவும் இல்லை. சலான் போட ஆள் வைத்தால் சட்டத்தையும் அவரே பார்த்துக்கொள்வார் என்று நினைத்தது என் தவறு.

அடுத்தது சம்பள மென்பொருள். சோஹோ பேரோல் போன்றவை இப்போது சின்னப் பட்டறைக்கும் கட்டுப்படியாகின்றன. விகிதம் மாறினால் இவற்றுக்கு நிகரில்லை. 2019 ஜூலையில் இ.எஸ்.ஐ.யில் முதலாளி பங்கு 4.75 சதவீதத்திலிருந்து 3.25க்கும், தொழிலாளி பங்கு 1.75லிருந்து 0.75க்கும் இறங்கியதே, அந்த மாதிரி மாற்றத்தை மென்பொருளில் ஒரே இடத்தில் திருத்தினால் போதும். விளக்கம் மாறும்போதுதான் சிக்கல். 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுக்கும் படிகளையும் சேர்த்துத்தான் பி.எஃப். பிடிக்க வேண்டும் என்றது. எங்கள் சம்பளப் பட்டியலில் உள்ள ஒரு படி எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்?

வாட்ஸ்அப் குழுக்களை வேகத்தில் யாரும் முந்த முடியாது. அந்த வேகமே ஆபத்து. 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. மறுநாளே எங்கள் குழுவில் ஷிப்டை மாற்றுவது பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். மே 1 அன்று முதல்வர் அந்த மசோதாவைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். அவசரப்பட்டு ஷிப்டை மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அப்புறம் இன்னொரு குழப்பம்: ஏப்ரலிலும் அக்டோபரிலும் மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலிப் பட்டியல் சுற்றிவரும். ரயில்வே, சுரங்கம் போன்ற மத்திய அரசு வரம்பில் வரும் இடங்களுக்கானது அது. எங்களுக்கு மாநிலப் பட்டியல்தான். அது வருடத்துக்கு ஒருமுறை, ஏப்ரல் 1 முதல்.

கோவையின் சிறுதொழில் முதலாளிகள் சங்கமான கொடிசியா போன்றவற்றின் சுற்றறிக்கை சில நாள் தாமதமாக வந்தாலும் சலித்து வரும். கூட்டத்தில் எழுந்து கேள்வியும் கேட்கலாம். 2025 நவம்பர் 21 அன்று 29 மத்தியச் சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தபோது இதன் அருமை தெரிந்தது. அடிப்படைச் சம்பளம் 7,000, வீட்டு வாடகைப்படியும் பயணப்படியும் சேர்த்து 13,000 என்று ஒருவருக்கு 20,000 கொடுக்கிறோம் என்று வையுங்கள். புதிய சட்டப்படி, மொத்தத்தில் பாதியைத் தாண்டும் படி ஊதியமாகவே கணக்காகும். தாண்டிய 3,000 ஊதியத்தோடு சேர்ந்து, பணிக்கொடை (கிராஜுவிட்டி) 10,000 மீது கணக்காகும். வேலையை விட்டுப் போகிறவருக்கு, அவராகவே ராஜினாமா செய்திருந்தாலும், சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும். முன்பு எங்களிடம் அடுத்த மாதச் சம்பளத்தோடு சேர்த்து வாங்கிக்கொள்ளச் சொல்வோம். குறித்த கால ஒப்பந்தத்தில் சேர்ந்தவருக்கு ஐந்து வருடம் தேவையில்லை, ஒரு வருடத்திலேயே பணிக்கொடை உண்டு. இதையெல்லாம் சக முதலாளிகளோடு உட்கார்ந்து பேசித்தான் எனக்குப் புரிந்தது.

தொழிலாளர் வழக்கறிஞரை மாதச் சம்பளத்துக்கு வைக்க எங்கள் அளவுக்குக் கட்டாது. ஆளை நீக்குவது, ஒப்பந்தத் தொழிலாளர் வைப்பது என்று வரும்போது மட்டும் ஒரு தடவை பார்த்துக் கேட்டுக்கொள்வது மேல்.

மிச்சம் இருப்பது அரசிதழையும் தொழிலாளர் துறையின் இணையதளத்தையும் நாமே பார்ப்பது. காசு செலவில்லை, கடைசி வார்த்தையும் அதுதான். மொழி கரடுமுரடு என்பது உண்மை. ஆனால் முழுதாகப் படிக்கத் தேவையில்லை. எந்தத் தேதியிலிருந்து, எத்தனை பேருக்கு மேல், யாருக்குப் பொருந்தும் என்ற மூன்றைத் தேடினாலே பாதி தெளிந்துவிடும். தேதி ரொம்ப முக்கியம். போனஸ் சட்டத் திருத்தம் 2015 டிசம்பரில் நிறைவேறி, 2014 ஏப்ரல் 1 முதலே பொருந்தும் என்று பின்தேதியிட்டு வந்தது. புத்தகத்தை மூடிவைத்த வருடத்துக்கு மறுபடி கணக்குப் போட வேண்டியிருந்தது.

ஆக, கன்சல்டன்டைச் சலானுக்கு வைத்துக்கொண்டேன். செய்திக்குச் சங்கத்தின் சுற்றறிக்கை. வாட்ஸ்அப்பில் வந்தது எதுவானாலும் அரசின் பக்கத்தில் பார்க்காமல் சம்பளப் பட்டியலைத் தொடுவதில்லை. மென்பொருளை 20 பேர் தாண்டினாலே வாங்கிவிடலாம், ஆனால் அதை நம்பிக் கண்ணை மூடிவிடக் கூடாது. கன்சல்டன்டிடமும் வெளிப்படையாகப் பேசி, மாற்றம் எதுவும் இருந்தால் 25ஆம் தேதிக்குள் எழுத்தில் தர வேண்டும் என்று கேட்டு, அதற்குத் தனியாக 500 ரூபாய் கூட்டிக் கொடுக்கிறோம். எதுவும் இல்லாத மாதத்திலும் "இல்லை" என்று எழுதித்தான் ஆக வேண்டும்.

ஏப்ரல் பிறந்தால் புதிய கூலிப் பட்டியலை அச்செடுத்து, வருகைப் பதிவு மெஷினுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுகிறோம். சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஹெல்பர்கள் அங்கேயே நின்று சரிபார்க்கிறார்கள்.