பாக்ஸ்டரா, எம்எக்ஸ்-5ஆ? நான்கு வருடம் ஓட்டிய பிறகு

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்க வேண்டும், கையில் இருப்பது இவ்வளவுதான், இரண்டு வண்டி மனதில் உட்கார்ந்துவிட்டது, எதை எடுப்பது என்று தூக்கம் கெட்டுத் திரிபவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படித்தான் திரிந்தேன். ஒரு பக்கம் முதல் தலைமுறை போர்ஷே பாக்ஸ்டர், 986 என்று சொல்வார்களே அது, 2.7 லிட்டர் எஞ்சின். இன்னொரு பக்கம் இரண்டாம் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.8 லிட்டர். கடைசியில் எம்எக்ஸ்-5தான் எடுத்தேன். நான்கு வருடம் ஆகிறது, 41,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன், இனிமேல் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

முதலில் பாக்ஸ்டரைப் பற்றி, ஏனென்றால் மனதை முதலில் பறித்தது அதுதான். எஞ்சின் சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது, படுத்தவாக்கில் ஆறு சிலிண்டர். கூரையைத் திறந்துவிட்டு ஓட்டும்போது அந்தச் சத்தம் காதுக்குப் பின்னாலிருந்து வரும், நாலாயிரம் ஆர்பிஎம் தாண்டியதும் குரலே மாறிவிடும். வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன்பக்கம் போய் பின்பக்கம் அப்புறம் வருவதுபோல இல்லாமல் மொத்த வண்டியும் நம் இடுப்பைச் சுற்றித் திரும்புகிறது. பவர் 220 குதிரைத்திறனை ஒட்டி. எம்எக்ஸ்-5இல் 140ஐ ஒட்டித்தான். ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கியபோது எனக்குக் கை நடுங்கியது, உண்மையாகவே.

அப்புறம் வீட்டுக்கு வந்து தாளில் கணக்குப் போட்டேன். பாக்ஸ்டரை வாங்கினால் கையில் இருந்த பணம் மொத்தமும் காலி. எம்எக்ஸ்-5 வாங்கினால் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும். நான் முடிவெடுத்தது அந்த மிச்சத்தை வைத்துத்தான். பழைய காரின் விலை குறைந்துகொண்டே வருகிறது, ஆனால் அதன் பாகங்களின் விலை குறைவதில்லை. பாக்ஸ்டர் புதிதாக விற்றபோது எந்த வகுப்பு வண்டியோ, அதன் பிரேக் டிஸ்க்கும் ரேடியேட்டரும் கிளட்சும் இன்றைக்கும் அந்த வகுப்பு விலைதான். ஆயில் மாற்றுவதையே எடுத்துக்கொள்ளுங்கள்: எம்எக்ஸ்-5க்குச் சுமார் 4 லிட்டர் போதும், பாக்ஸ்டருக்கு 8 லிட்டருக்கும் மேல் ஊற்ற வேண்டும். டயரும் அப்படித்தான். எம்எக்ஸ்-5இல் நான்கும் ஒரே அளவு, முன்னும் பின்னும் மாற்றி மாட்டித் தேய்மானத்தைச் சமன் செய்யலாம். பாக்ஸ்டரில் பின் டயர் முன் டயரைவிட அகலம், அந்த வசதி கிடையாது.

இதோடு ஐஎம்எஸ் பேரிங் விவகாரம். 986 வாங்க நினைக்கும் எல்லோரும் இதைக் கேள்விப்பட்டிருப்பார்கள், ஆனால் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. எஞ்சினுக்குள் இன்டர்மீடியட் ஷாஃப்ட் என்று ஒன்று இருக்கிறது (ஐஎம்எஸ் என்பது அதன் சுருக்கம்), கிராங்கிலிருந்து கேம் ஷாஃப்ட்டுகளுக்குச் சுழற்சியைக் கொண்டுபோவது அதன் வேலை. அதன் கியர்பாக்ஸ் பக்க முனையில் ஒரு மூடிய பேரிங். அது உடைந்தால் வால்வுகள் திறந்து மூடும் நேரம், அதாவது டைமிங், தவறும், வால்வு பிஸ்டனில் போய் அடிக்கும், இரும்புத்தூள் ஆயிலோடு எல்லா இடத்துக்கும் போகும், எஞ்சின் அவ்வளவுதான். எல்லா வண்டியிலும் இது நடப்பதில்லை, பெரும்பாலானவை நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆரம்ப வருடங்களில் வந்த இரட்டை வரிசை பேரிங், அதற்குப் பின் வந்த ஒற்றை வரிசையைவிட உறுதியானது என்பது பொதுவான அனுபவம். 2001 முதல் 2005 வரையிலான மாடல்களுக்காக அமெரிக்காவில் வழக்கு நடந்து, 2013இல் சமரசமும் ஆனது. கியர்பாக்ஸை இறக்கினால்தான் அந்த பேரிங்கைத் தொட முடியும், அதனால் கிளட்ச் மாற்றும்போதே அதையும் மாற்றிவிடுவது வழக்கம். நான் பார்த்த பாக்ஸ்டருக்கு அதை மாற்றியதற்கான ரசீது எதுவும் இல்லை. வாங்கிய மறுநாளே அந்த வேலையைச் செய்ய என்னிடம் பணம் இருந்திருந்தால் நான் வேறு முடிவெடுத்திருப்பேன்.

சரி, எம்எக்ஸ்-5க்கு நோய் இல்லையா என்றால், இருக்கிறது, துரு. கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதி, பின் சக்கர வளைவு, இரண்டாம் தலைமுறையில் முக்கியமாக எஞ்சினுக்கு இருபுறமும் முன்னால் நீளும் சேசிஸ் ரெயில், அதாவது வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே அந்த ரெயில் பப்படமாகியிருக்கும். நான் ஐந்து வண்டி பார்த்தேன், மூன்றைத் தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்த ஐந்தாவது நிமிடமே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எஞ்சின் சத்தத்தை அப்புறம் கேட்கலாம், முதலில் கீழே படுங்கள். 1.8 எஞ்சினைச் சரிசெய்வது எளிது, வேறு எஞ்சின் கிடைப்பதும் எளிது, தின்றுபோன ரெயிலை வெட்டி ஒட்டுவதுதான் பெரிய வேலை.

அந்தத் துரு எங்கிருந்து வருகிறது என்பதை என் வண்டியிலேயே பார்த்தேன். வாங்கிய முதல் மழைக்காலத்தில் சீட்டுக்குப் பின்னால் கம்பளம் ஈரமாக இருந்தது, ஊறிய துணி நாற்றம். கூரையில் விழும் தண்ணீர் வடிய, சீட் பெல்ட் தூணுக்குப் பக்கத்தில் இருபுறமும் ஒரு வடிகால் துளை உண்டு. முன்பு வைத்திருந்தவர் பல வருடம் மரத்தடியில் நிறுத்தியிருக்கிறார், துளையை ஒருமுறையும் சுத்தம் செய்யவில்லை. வளையக்கூடிய ஒரு நீளமான பிளாஸ்டிக் கம்பியை உள்ளே விட்டு மெதுவாக ஆட்டினேன். முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் 'மொடக்' என்று ஒரு சத்தம், காருக்கு அடியில் கறுப்பாக, மக்கிய இலையும் மண்ணுமாகத் தண்ணீர் கொட்டியது, கிட்டத்தட்ட ஒரு டம்ளர். அத்தனையும் சில்லுக்குப் பக்கத்தில் தேங்கி நின்ற தண்ணீர். இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால் உள்ளிருந்தே ஓட்டை விழுந்திருக்கும். இப்போது வருடத்துக்கு இரண்டு முறை சுத்தம் செய்கிறேன், பத்து நிமிட வேலை, காசு கிடையாது.

மிஞ்சிய பணம் எங்கே போனது என்றும் சொல்கிறேன். வாங்கும்போது மீட்டரில் 1,31,000. டைமிங் பெல்ட்டை 1,00,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டும், மாற்றியதாக ஒரு காகிதமும் இல்லை, அதனால் முதல் வாரமே அதை மாற்றினேன். வாட்டர் பம்ப்பை எடுக்கவும் அந்த பெல்ட்டைக் கழற்றியாக வேண்டும் என்பதால் அதையும் சேர்த்தே மாற்றியாயிற்று. பிறகு நல்ல டயர் நான்கு, எல்லா ஆயிலும் புதிதாக, நான்கு சக்கர அலைன்மென்ட். இந்தக் கடைசி இரண்டும் சேர்ந்து வண்டியையே மாற்றிவிட்டன என்று சொன்னால் மிகையில்லை. நான்கு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழும் இரண்டு கைகள் பிடித்திருக்கும் அமைப்பு, உள்ள வண்டி இது, அலைன்மென்ட் கோணலாக இருந்தால் அதன் அருமையே தெரியாது.

இரண்டாம் வருடம் கிளட்ச் பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. பெடலை மிதிக்கும்போது வரும் திரவ அழுத்தத்தால் கிளட்ச்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் போய்விட்டிருந்தது, பழைய திரவம் மை மாதிரி இருந்தது. கியர்பாக்ஸின் வெளிப்புறத்தில் இரண்டு போல்ட்டில் நிற்கும் சின்னப் பாகம், ஒரு பிற்பகலில் நானே மாற்றினேன். அதற்குமுன் நான் வீல் நட்டைத் தவிர எதையும் கழற்றியவன் இல்லை. திரும்ப பெடலை மிதித்து, அது காலை எதிர்த்துத் தள்ளியபோது வந்த சந்தோஷம் பெரிது.

ஓட்டுவதில் வருத்தம் உண்டா என்று கேட்டால், ஒரே ஒரு இடத்தில் உண்டு. நெடுஞ்சாலை. வேகம் கூடினால் காற்றுச் சத்தமும் எஞ்சின் சத்தமும் காதை அடைக்கும், இரண்டு மணி நேரத்தில் சோர்ந்துவிடும். பாக்ஸ்டர் அங்கே வேறு உயரத்தில் இருக்கிறது. சாமான் வைக்க முன்னால் ஒரு டிக்கி, பின்னால் ஒரு டிக்கி. உயரமானவர்களுக்குக் கால் நீட்டவும் இடம். ஆறடிக்கு மேல் என்றால் எம்எக்ஸ்-5இல் உட்கார்ந்து பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். ஆனால் வளைந்து போகும் குறுகிய பாதையில், இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் நடுவே மணிக்கட்டு மட்டும் அசைந்தால் போதும் என்கிற அந்த கியர் லிவரோடு, 1,050 கிலோவை ஒட்டிய எடையோடு, எழுபது எண்பது வேகத்திலேயே முழு எஞ்சினையும் பிழிந்து ஓட்டுகிற சுகம் இருக்கிறதே, பாக்ஸ்டரில் அதே உற்சாகத்துக்கு வேகத்தை இன்னும் நிறையக் கூட்ட வேண்டியிருந்தது. நான் அன்றாடம் போகும் சாலையில் அதற்கு இடம் இல்லை.

உங்களிடம் வாங்கும் விலை போக இன்னொரு பாதி தனியாக இருக்கிறதா, அதைத் தொட்டால் வீட்டில் எதுவும் ஆட்டம் காணாதா, ஐஎம்எஸ்ஸும் கிளட்சும் மாற்றிய ரசீதோடு ஒரு 986 கிடைக்கிறதா, ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்த்தால் இரும்புத்துகள் இல்லையா, அப்படியானால் பாக்ஸ்டரை எடுங்கள், என்னைக் கேட்க வேண்டாம். இல்லையென்றால் டார்ச்சை எடுத்துக்கொண்டு துருப்பிடிக்காத எம்எக்ஸ்-5 ஒன்றைத் தேடுங்கள், பத்து வண்டி பார்க்க வேண்டியிருந்தாலும் பாருங்கள்.

இப்போது மீட்டரில் 1,72,000. பின் சஸ்பென்ஷனின் மூட்டுகளில் இருக்கும் புஷ்கள் தளர்ந்துவிட்டன, மேடுபள்ளத்தில் 'டொக் டொக்' என்கிறது. புதிய செட் வந்து அலமாரியில் இருக்கிறது, மழை விட்டதும் மாட்ட வேண்டும்.