காலாண்டு விடுமுறையில் தீவு: அந்தமானா, மாலத்தீவா, கிழக்கிலங்கையா?

இடைப்பருவம் என்றால் என்ன என்று ஏற்காட்டின் அடிவாரத்தில் வாழ்கிறவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மே மாதம் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும்போது மலைப்பாதை தொடங்கும் இடத்திலேயே வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். விடுதிக்காரர் சொல்வதுதான் விலை. செப்டம்பரில் அதே விடுதியில் பாதி அறைகள் காலியாகக் கிடக்கும். மூடுபனி இறங்கும், மாலையில் மழை வரும், ஏரியில் படகுக்குக் காத்திருக்க வேண்டாம். அதுதான் இடைப்பருவம். தீவுகளுக்கும் இதே கணக்குதான். ஆனால் ஏற்காட்டில் மழை பிடித்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் சேலம் அஸ்தம்பட்டி வீட்டுக்கு இறங்கிவிடலாம். தீவில் மாட்டிக்கொண்டால் கடல் வழிவிட்டால்தான் ஊர்.

மகனுக்கு 11 வயது, மகளுக்கு 6. பள்ளிக்குப் போகும் பிள்ளைகளோடு தீவுக்குக் கிளம்ப இரண்டு இடைவெளிகள்தான் கிடைக்கின்றன: செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டு விடுமுறை, ஏப்ரல் கடைசியில் ஆண்டுத் தேர்வு முடிந்த நாட்கள். அரையாண்டு விடுமுறை டிசம்பரில் வருகிறது; அப்போது அந்தமானிலும் மாலத்தீவிலும் உச்ச விலை, கிழக்கிலங்கையில் மழை. ஒரு காலாண்டு விடுமுறையில் அந்தமான் போனோம். அடுத்த ஆண்டு அதே விடுமுறையில் கிழக்கிலங்கை. சூரமங்கலத்தில் இருக்கும் அக்கா குடும்பம் ஒரு ஏப்ரல் கடைசியில் மாலத்தீவு போய் வந்தது. அவர்கள் கட்டிய பில்கள் அத்தனையையும் அக்கா எனக்குக் காட்டினார். இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: மழை அடித்தால் அன்றைக்குப் பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும்? வெயில் அடிக்கும் நாளில் எல்லாத் தீவும் அழகுதான்.

வானம்

தென்மேற்குப் பருவமழை நம் நாட்டில் முதலில் கால் வைப்பதே அந்தமானில்தான். வழக்கமாக மே மூன்றாம் வாரத்தில் வந்துவிடும். அங்கே ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் பெய்கிறது. சேலத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. செப்டம்பர் முழுக்க மழைக்காலம், அக்டோபரிலும் விட்டபாடில்லை. ஆகவே அந்தமானுக்குக் குழந்தைகளோடு போகத் தகுந்த இடைப்பருவம் ஏப்ரல் கடைசிதான். வெயில் கொளுத்தும், ஆனால் கடல் கண்ணாடி போலக் கிடக்கும்.

மாலத்தீவிலும் ஏறக்குறைய அப்படியே. டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை காற்று வடகிழக்கிலிருந்து வரும் வறண்ட பருவம். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காற்றும் மழையும். காலாண்டு விடுமுறை அந்த மழைப் பருவத்துக்குள் விழுகிறது. விலை இறங்குவதற்கு அதுதான் காரணம்.

கிழக்கிலங்கை இதற்கு நேர்மாறு. மேற்குத் தொடர்ச்சி மலை நம் சேலத்துக்குச் செய்வதை இலங்கையின் நடுமலை திருகோணமலைக்குச் செய்கிறது. தென்மேற்கு மழை அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடும். மே முதல் செப்டம்பர் வரை நிலாவெளி, பாசிக்குடா கடற்கரைகளில் வானம் தெளிந்திருக்கும். செப்டம்பர் கடைசி அந்த நல்ல காலத்தின் வால். அக்டோபர் நடுவுக்குமேல் மழை தொடங்கி, நவம்பரிலிருந்து ஜனவரி வரை வெளுத்து வாங்கும். ‘இலங்கை’ என்ற பெயரை மட்டும் பார்த்துவிட்டு அதே செப்டம்பரில் மேற்குக் கரையின் பெந்தோட்டையில் அறை எடுத்தவர்கள் எனக்குத் தெரிந்து இரண்டு குடும்பம். அலை பாயும் கடலைப் பார்த்துக்கொண்டு நீச்சல் குளத்திலேயே நான்கு நாளும் இருந்துவிட்டு வந்தார்கள்.

போய்ச் சேர்வது

என் மகனுக்கு ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஆகாது. பாதி வழியில் ஒருமுறையாவது வண்டியை ஓரம் கட்டியாக வேண்டும். இந்தப் பையனை ஏற்றிக்கொண்டுதான் அக்டோபர் முதல் வாரத்தில் அந்தமான் படகில் உட்கார்ந்தேன்.

சேலத்தில் இரவு ரயில் ஏறினால் விடியும்போது சென்னை. அங்கிருந்து விமானம் இரண்டே கால் மணி நேரத்தில் போர்ட் பிளேர், 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். பாஸ்போர்ட் வேண்டாம், ஆதார் போதும். அதுவரை சுகம். சிக்கல் அதற்குப் பிறகுதான் வருகிறது. ஹேவ்லாக், அதாவது சுவராஜ் தீவுக்குத் தனியார் விரைவுப் படகில் ஒன்றரை மணி நேரம். குளிரூட்டிய அறை, திறக்க முடியாத கண்ணாடி. துறைமுகத்தைத் தாண்டியதும் படகு எழும்பி எழும்பி விழ ஆரம்பித்தது. படகு ஊழியர் இருக்கை இருக்கையாகக் காகிதப் பை கொடுத்துக்கொண்டே போனார். மகன் எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி மூக்கில் வைத்தபடி கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தான். அவன் விரல்கள் என் முழங்கையில் பதிந்த தடம் கரைக்கு வந்த பிறகும் இருந்தது. மகள் ஒன்றும் ஆகாதவளாகத் தட்டுவடையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது இன்னும் மோசம். கடல் சீற்றம் என்று அன்றைய படகுகள் எல்லாம் ரத்து. பக்கத்து நீல் தீவில் முன்பணம் கட்டியிருந்த ஓர் இரவு போயிற்று. வானிலை எங்கள் பொறுப்பில்லை என்று அந்த விடுதி ஒரு ரூபாய்கூடத் திருப்பித் தரவில்லை. மறுநாள் முதல் படகில் இடம் கிடைத்து ஓடினோம். விமானம் கிளம்ப மூன்று மணி நேரமே இருந்தது. அந்தமான் போகிற யாராக இருந்தாலும், எந்த மாதமாக இருந்தாலும், கடைசி இரவை ஸ்ரீ விஜயபுரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

மாலத்தீவுக்கு இந்தியர்களுக்கு இறங்கியதும் 30 நாள் விசா, கட்டணம் இல்லை. புறப்படுவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஒரு பயணி அறிவிப்பைப் பதிய வேண்டும், அவ்வளவுதான். ஆனால் தொலைவில் உள்ள விடுதித் தீவுகளுக்குக் கொண்டுபோகும் கடல் விமானம் பகலில் மட்டுமே பறக்கும். நம் விமானம் மாலையில் போய் இறங்கினால் அன்றிரவு தலைநகர் மாலேயிலோ பக்கத்து ஹுல்ஹுமாலேயிலோ தங்கித்தான் ஆக வேண்டும். அது தனிச் செலவு. அக்கா இதை முன்பே விசாரித்து, விமான நிலையத்திலிருந்து அரை மணி நேர ஸ்பீடு போட் தூரத்தில் இருக்கும் தீவையே தேர்ந்தெடுத்தார். சின்னக் குழந்தை இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன்.

இலங்கைக்குச் சென்னையிலிருந்து கொழும்பு ஒன்றரை மணி நேரத்துக்குள். பயண அனுமதியை இணையத்தில் முன்பே வாங்கிவிடுவது நல்லது. அங்கிருந்து திருகோணமலை வேனில் ஆறு மணி நேரம். தூரம்தான். ஆனால் அந்தத் தூரத்துக்கு நடுவே சிகிரியாப் பாறைக்கோட்டையும் மின்னேரியாவும் இருக்கின்றன. ஆகஸ்ட், செப்டம்பரில் மின்னேரியா குளம் வற்றி, காய்ந்த குளத்துப் படுகையில் புதுப் புல் முளைக்கும். சுற்றுக்காட்டு யானைகள் எல்லாம் அங்கே வந்து கூடும். ஹபரணையில் ஓர் இரவு தங்கி, மாலையில் ஜீப்பில் போனோம். ஒரு குட்டி தன் தாயின் நான்கு கால்களுக்கு நடுவிலேயே நடந்து போனதை மகள் இன்றும் நடித்துக் காட்டுகிறாள். சாலையும் பெரும்பாலும் சமவெளி. மகன் ஒருமுறைகூட வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை.

பிள்ளைகள் இறங்கும் தண்ணீர்

ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரையை 2004-ல் டைம் இதழ் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்றது; வெள்ளை மணலும் பின்னால் ஓங்கிய காடுமாக அது அந்தப் பெயருக்குத் தகும். ஆனால் மேற்கு பார்த்த கரை. தென்மேற்குக் காற்று ஓயாத நாட்களில் ஆறு வயதுக் குழந்தையை இறக்கும் அலை இல்லை அது. விடுதிகள் நிறைந்த கிழக்குக் கரையில் அலை இல்லை, ஆனால் வற்று நேரத்தில் தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கி, செத்த பவளம் கூர்கூராக வெளியே தெரியும். ரப்பர் செருப்பு இல்லாமல் காலை வைக்க முடியாது. அறை எடுக்கும்போது அன்றன்றைக்கு ஓதம், அதாவது கடல்நீர், ஏறும் நேரத்தைக் கேளுங்கள். படத்தில் இருப்பது ஓதம் ஏறிய நேரம். உப்புநீர் முதலைகள் உள்ள தீவுகள் அவை. 2010-ல் ராதாநகருக்குப் பக்கத்திலேயே ஓர் உயிர் போயிருக்கிறது. எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் விவாதம் வேண்டாம். பொழுது சாயும்போது மணல் ஈக்கள் வேறு. மகளின் கணுக்கால் முழுவதும் சிவந்த புள்ளிகள். மறுநாளிலிருந்து தேங்காய் எண்ணெயைக் கனமாகப் பூசிய பிறகே கரைக்கு விட்டோம். இன்னொன்று, அக்டோபரில் அங்கே மாலை 5.15-க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். பிள்ளைகளைக் காலை 5 மணிக்கே எழுப்பிக் கடலுக்குக் கொண்டுபோனால்தான் நாள் நாளாக இருக்கும். ஏப்ரலில் ஒளி சற்றே நீளும்.

மாலத்தீவில் அறைக் கதவைத் திறந்தால் தண்ணீர். பவளத் திட்டு சூழ்ந்த தெளிந்த காயல், இடுப்பளவு ஆழம். அந்த வசதிக்கு ஈடு மற்ற இரண்டிலும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். நீர்மேல் கட்டிய அறைகளில் மட்டும் குறிப்பிட்ட வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளைப் பல விடுதிகள் அனுமதிப்பதில்லை. முன்பணம் கட்டும் முன் கேட்டுவிட வேண்டும்.

பாசிக்குடாவை நேரில் பார்த்தவர்களுக்குத்தான் நான் சொல்வது புரியும். பவளப் பார் அலையைத் தடுக்கும் வளைகுடா. மகள் நடந்துகொண்டே போனாள், போனாள், திரும்பிப் பார்த்தால் நாங்கள் கரையில் சின்னதாகத் தெரிகிறோம், தண்ணீர் இன்னும் அவள் இடுப்பைத் தாண்டவில்லை. வற்று நேரத்தில் அடி மணலில் இருந்த அலைக்கோடுகளைக் கால்விரலால் அழித்து அழித்து விளையாடினாள். கரையில் பழம் விற்றுக்கொண்டிருந்த அம்மா, “பிள்ளை கல்லுப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கோ” என்று நான்கு முறையாவது சொல்லியிருப்பார். மகனுக்கு அந்த ஆழமில்லாத் தண்ணீர் ஒரே நாளில் அலுத்துவிட்டது, அவனுக்கு நிலாவெளி. அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளிப் புறாத்தீவு, 2003 முதல் தேசியப் பூங்கா. லைஃப் ஜாக்கெட்டோடு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தவன், முழங்கை நீளச் சுறாக்குட்டி ஒன்று கருநுனித் துடுப்போடு விலகிப் போனதைப் பார்த்தான். அன்று இரவு முழுக்க அதே பேச்சு.

மழை வந்தால்

ஹேவ்லாக்கில் மழை என்றால் அறைதான். ஸ்ரீ விஜயபுரத்தில் இருந்தால் செல்லுலார் சிறை இருக்கிறது. 11 வயதுப் பையனுக்கு அந்தத் தனிக்கொட்டடிகளைக் காட்டியே ஆக வேண்டும், மழைக்காக அல்ல.

மாலத்தீவின் விடுதித் தீவில் மழை என்றால் குழந்தைகள் அறையும் உணவகமும்தான். பத்து நிமிடத்தில் சுற்றி வந்துவிடக்கூடிய மண் அது, போக வேறு இடம் கிடையாது. ஆனாலும் நீந்தத் தெரிந்த பெரிய பிள்ளைகள் இருந்தால் ஒன்று சொல்ல வேண்டும்: அந்த மழைப் பருவத்தில்தான் பா என்ற பவளத்தீவுக் கூட்டத்தின் ஹனிஃபாரு வளைகுடாவில் நுண்ணுயிர் பெருகி, மாண்டா திருக்கைகள் கூட்டமாக வருகின்றன.

கிழக்கிலங்கையில் எங்களுக்கு ஒரு முழுநாள் மழை கிடைத்தது. காலையில் கோணேசர் கோயில். சம்பந்தர் தேவாரம் பாடிய தலம், கடலுக்குமேல் செங்குத்துப் பாறையில் நிற்கிறது. பிறகு கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழு. ஒவ்வொன்றிலும் சூடு வேறு வேறு. மழையில் நனைந்துகொண்டே வெந்நீரை வாளியால் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்ட அந்த அரை மணி நேரத்தை, இரண்டு பிள்ளைகளும் கடலைவிட மேலாகச் சொல்கிறார்கள். மதியம் இடியப்பமும் சொதியும். எங்கும் தமிழ், மகள் தானே போய்த் தண்ணீர் கேட்டு வாங்கிவந்தாள்.

பணம்

மாலத்தீவில் அறை விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். அதன் மேல் சேவைக் கட்டணம் 10 சதவீதம், அதையும் சேர்த்துச் சுற்றுலா வரி 17 சதவீதம். 100 டாலர் என்று போட்டிருப்பது 128.70 டாலர் ஆகிவிடும். விடுதித் தீவுகளில் பசுமை வரி ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர், இரண்டு வயதுக்குக் கீழே மட்டும் இல்லை. நால்வர் நான்கு இரவு தங்கினால் அதற்கே 192 டாலர். கடல் விமானம் போக வர ஆளுக்கு 400 டாலரைத் தாண்டுவது சாதாரணம். மாஃபுஷி போன்ற உள்ளூர்த் தீவுகளின் சிறிய விருந்தினர் விடுதிகளில் பசுமை வரி 6 டாலர், அறையும் மலிவு. நீச்சலுடையில் குறிப்பிட்ட கடற்கரையில் மட்டுமே இருக்கலாம். அக்கா ஐந்து இரவுக்குக் கொடுத்த தொகையில் நாங்கள் அந்தமானும் இலங்கையும் போய் வந்தோம். அக்காவுக்கு வருத்தமில்லை, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அவர் தூங்கி எழுந்த முதல் விடுமுறை அது.

லட்சத்தீவைக் கேட்பவர்களுக்கு: அனுமதிச் சீட்டு வேண்டும், அறைகள் குறைவு, கொச்சியிலிருந்து கப்பலோ அகத்திக்கு விமானமோ. ஏப்ரலுக்கு நல்லது, ஆனால் மாதக்கணக்கில் முன்பே திட்டமிட முடிகிறவர்களுக்கு மட்டும்.

ஆகவே என் தேர்வு இப்படி. காலாண்டு விடுமுறை என்றால், 5 வயதிலிருந்து 12 வயது வரையுள்ள பிள்ளைகளோடு கிழக்கிலங்கை. வேறு யோசனையே வேண்டாம். ஏப்ரல் கடைசி என்றால் அந்தமான். கைக்குழந்தை, கையில் பணம், உடம்புக்கு ஓய்வு தேவை என்றால் ஏப்ரல் கடைசியில் ஸ்பீடு போட் தூர மாலத்தீவு. வெளிநாடு என்றால் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டை எடுத்துத் தேதியைப் பாருங்கள். சிறுவர்களுக்கு ஐந்து ஆண்டுகள்தான், அதிலும் இலங்கைக்கு என்றால் ஆறு மாதம் மிச்சமிருக்க வேண்டும்.

வருகிற ஏப்ரலில் அம்மாவையும் அழைத்துக்கொண்டு மறுபடி அந்தமான் போகிறோம். மகன் படகில் உள்ளே உட்கார மாட்டேன் என்கிறான். அரசுப் படகில் மேல்தட்டில் நிற்கலாம். இரண்டரை மணி நேரம் ஆகும், ஆனால் முகத்தில் காற்று அடிக்கும். அதற்குத்தான் டிக்கெட் எடுக்கப்போகிறேன்.